செங்கமலத்தின் நோட்டு

கோவளம்,
4.6.1956

பிரியமுள்ள அத்தானுக்கு, மார்கரெட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கார்டு கிடைத்தது. தங்கவயலில் காற்று குளுகுளுவென்று இருக்கிறதாம், உங்கள் தங்கை வேளைக்கு வேளை காப்பி போட்டுக் கொடுக்கிறாளாம், குழந்தை உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறதாம். சந்தோஷம். என் சுகத்தையும் விசாரித்திருக்கிறீர்கள், கடைசியில் இடம் போதாமல் கார்டின் ஓரத்தில் சாய்த்து எழுதி. இருக்கிறேன்.

ஞானஸ்நானத்துக்குப் போய் நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனீர்கள். இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மானேஜர் ஐயா வந்து உங்கள் தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சொன்னேன். பிள்ளையை இன்னும் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கவில்லையா என்று கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கம்பளிச் சால்வை கேட்டிருந்தீர்கள். டிரங்குப் பெட்டியில் இருந்தது, ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. தைக்க எனக்கு நேரமில்லை. அப்படியே பார்சலில் போடுகிறேன், போர்த்திக்கொள்ளுங்கள்.

இனி சந்திரம்மாவின் சேதி. உங்கள் மூன்று கார்டிலும் அந்தப் பேர் ஒரு இடத்திலும் இல்லை. அந்தக் குளிர்காற்றில் மறந்துபோயிருக்கலாம் என்று நினைத்து ஆதியோடந்தமாக எழுதுகிறேன். தெரிந்த கதைதானே என்று தள்ளாமல் படியுங்கள்.

நம் உப்பளத்தில் பெண்கள் கூடையில் உப்பை நிரப்பி, அம்பாரத்துக்குச் சுமந்து போவார்கள். நிரம்பிய கூடையை ஒருத்தி தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது, இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். ஏஜெண்ட் கோதண்டராமன் போட்ட சட்டம் என்ன? பொம்பளைகள் சேர்ந்து நின்றால் வம்பு வளர்க்கிறார்கள், ஆகையால் பாத்திக்கு ஒருத்திதான். கூடையைத் தூக்கிவிட அவனே வருவான். இரண்டு கையும் தலைக்கு மேலே கூடையைப் பிடித்திருக்க, கீழே அவன் கை எங்கே போனாலும் அவள் நின்றுதான் ஆக வேண்டும். ஆறு வருஷமாக இந்தச் சட்டம் நடக்கிறது. அளத்தில் வேலை செய்யும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அவர்களுக்கெல்லாம் கடல் பக்கம் ஏதாவது பார்க்க இருக்கும்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் சந்திரம்மா கூடையைக் கைவிட்டாள். உப்பு முழுக்க அவன் கால்மேல். பிறகு உப்பு வாரும் பலகையை எடுத்து ஒரு போடு போட்டாள். அவன் வரப்பிலிருந்து உருண்டு கை முறிந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. ஸ்டேஷனில் அவளாகவே சொன்னாள்: "இடுப்புல கை வெச்சான். பலகையால ஒண்ணு வெச்சேன்." அவ்வளவுதான் வழக்கு. அதற்கு ஒரு நாள் உட்கார வைத்துத் திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அவள் குடிசையைச் சோதனை போட்டார்களே, அங்கேதான் வந்தது வினை. உங்கள் மகத்தான நாடகத்தின் நோட்டு அங்கே அகப்பட்டது.

நாடகத்தையும் மறந்துவிட்டீர்களா? மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்து, ஒரு வாரம் தூக்கமில்லாமல் அலைந்தீர்களே. ஸ்பெயின் தேசத்து நாடகம், முந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு, இதில் இருக்கிற நியாயம் நம் ஊருக்கே எழுதின மாதிரி இருக்கிறது, மார்கரெட் என்றீர்கள். ஒரு தளபதி ஒரு ஊரை ஆளுகிறான். கண்ணில் பட்ட பெண்ணைத் தூக்கிப் போகிறான். ஊர் ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்கள். தூக்கிப் போன பெண்களில் ஒருத்தி தப்பி வந்து, ஊர்க்கூட்டத்தின் நடுவில் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாள். அதன் பிறகுதான் ஊருக்கு ரோஷம் வந்து தளபதியைக் கொல்லுகிறது. யார் செய்தது என்று ராஜாவின் ஆட்கள் அடித்துக் கேட்டாலும் ஒருவனும் ஒருவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீங்கள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்ல, நான் பாய்மேல் உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பெண்ணுக்குச் செங்கமலம் என்று பேர் வைத்தீர்கள். பிறகு ஒவ்வொரு வேஷக்காரனுக்கும் அவனவன் பேச வேண்டியதை மட்டும் தனித்தனி நோட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பதினெட்டு நோட்டு. கட்டை விரலில் மசிக்கறை இன்னும் போகவில்லை.

செங்கமலம் வேஷத்துக்குச் சந்திரம்மாவையே போடலாமே என்று கேட்டேன். அப்போது உங்கள் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது. பெண்பிள்ளை மேடை ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்றீர்கள். அவள் தம்பி சடையப்பனுக்குக் குரல் மெல்லிசு, இடுப்பு மெல்லிசு என்று அவனைத் தேர்ந்தீர்கள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. நம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த அக்காள்தான் நோட்டைப் பார்த்துப் படித்துப் படித்து அவனுக்கு ஏற்றினாள். அதனால்தான் நோட்டு அவர்கள் வீட்டில் இருந்தது.

அதில் மற்றவர்கள் பேசுவது எதுவும் கிடையாது. இவனுக்கு முன்னால் பேசுகிறவன் முடிக்கும் கடைசி இரண்டு சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன், அதைக் கேட்டு இவன் எடுக்க வேண்டும் என்று. நாடகம் போட்ட எவனுக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் துரைக்குத் தெரியவில்லை. "இன்றைக்கு அவன் உயிரோடு இந்த எல்லையைத் தாண்டினால் நான் உங்கள் மகள் இல்லை" என்று நோட்டில் இருக்கிறது. ஆகவே இது கொலைத் திட்டமாம். சிவப்பு மைச் சொற்கள் கூட்டாளிகளுக்குள் வைத்துக்கொண்ட அடையாளச் சொற்களாம். "யார் அங்கே" என்றால் அடி என்று அர்த்தமாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறார். அரசாங்கம் இவருக்குச் சம்பளம் கொடுத்துத் தொப்பியும் கொடுத்திருக்கிறது.

நான் ஸ்டேஷனுக்குப் போய் இது என் கையெழுத்து, நாடகத்துக்காக எழுதினது என்று சொன்னேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து உங்கள் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

அந்தக் காகிதத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. நாடகத்துக்கு அனுமதி கேட்டுப் போனபோது, செங்கமலம் ஊர்க்கூட்டத்தில் பேசுகிற கட்டம் ஏஜெண்டைக் குத்துவது போல இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் அடித்துவிடச் சொன்னார், இப்போது கேட்டால் அது அவருக்கு நினைவில்லையாம். நீங்களும் அடித்தீர்கள். அதுவரை எனக்குத் தெரியும். மாசி மகத்தன்று மாமல்லபுரத்தில் சடையப்பன் தலைவிரி கோலமாக மேடைக்கு வந்து, பேச ஒன்றும் இல்லாமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டு உள்ளே போனானே, ஜனங்கள் சீட்டி அடித்தார்களே, அதையும் பார்த்தேன். கோதண்டராமன் முன் வரிசையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, தளபதி வேஷம் போட்ட அருணகிரிக்கு வெள்ளி மெடல் குத்தினதையும் பார்த்தேன். ஆனால், "இதுவே முழு நாடகம். இதில் கண்டதைத் தவிர வேறு ஒரு வரியும் எழுதப்படவும் இல்லை, பேசப்படவும் இல்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியாது. எழுதப்படவும் இல்லையாம். அப்படியானால் பாய்மேல் உட்கார்ந்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன், கோலம் போட்டேனா?

உங்கள் கையெழுத்துதான் இப்போது அவள் கழுத்தில் கிடக்கிறது. நோட்டு நாடகம் இல்லை என்று ஆனால் வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகும், ஏழு வருஷத்துக்குக் குறையாது என்கிறார் வக்கீல் ஹயாத் பாஷா. நைனா முகம்மது பாயின் பெண்சாதி ரோஷன் பீவிக்குச் சொந்தக்காரர், அவள் கேட்டதற்காக வழக்கை எடுத்திருக்கிறார். சந்திரம்மா செங்கல்பட்டு சப்ஜெயிலில் இருக்கிறாள். ஜாமீன் இல்லை. போன வாரம் பார்த்தேன், உதடு வெடித்திருந்தது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள்: "சாரு எப்ப வராரு?"

வருகிற பதினெட்டாம் தேதி விசாரணை. அந்த இங்கிலீஷ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதானே போனீர்கள்? புத்தகத்தோடு வந்து, பயந்து கையெழுத்துப் போட்டேன், நோட்டு நாடகத்தைச் சேர்ந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பிறகு திரும்பிப் போய்க் காப்பி குடிக்கலாம்.

மார்கரெட்.


கோவளம்,
14.6.1956

அத்தானுக்கு,

கவர் வந்தது. கனமாக இருக்கவே புத்தகமாக்கும் என்று ஆசையோடு பிரித்தேன். ஆறு பக்கம் புத்திமதி.

மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும், அருமையான புத்தகம். இரண்டு, நீங்கள் வந்தால் பொய் எழுதிக் கொடுத்த குற்றத்துக்கு வேலை போகும், வேலை போனால் பாதிக்கப்படுவது நான்தான், ஆகையால் எனக்காகவே அங்கே இருக்கிறீர்கள். மூன்று, மிச்ச நோட்டுகள் வீட்டில் இருந்தால் அடுப்பில் போட வேண்டும்.

எனக்காகவே இருக்கிறீர்களா? இருங்கள். இத்தனை பெரிய தியாகத்தை நான் எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

நோட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் சிஷ்யர்கள் உங்களை முந்திவிட்டார்கள். உங்கள் நாடக வீரர்களின் வீடு வீடாகப் போனேன். உப்பாபீஸ் குமாஸ்தா அருணகிரி, மேடையில் தொண்டை கிழியக் கத்தினானே, அவன் என்னைக் கண்டதும் பல்லைப் பிடித்துக்கொண்டு வலி என்றான். அவன் பெண்சாதிதான் சொன்னாள், போலீஸ் வந்த அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டானாம். அப்படி ஒரு நோட்டே கிடையாது என்று போலீசுக்கு எழுதியும் கொடுத்திருக்கிறான், அரசுத் தரப்புச் சாட்சியே அவன்தான். மற்றவர்களும் அதே அடுப்பு, அதே பதில். ஊரே ஒற்றுமையாக நிற்கிறது என்று நாடகத்தில் எழுதினீர்களே, நம் ஊரும் ஒற்றுமையாகத்தான் நிற்கிறது. ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது.

சடையப்பனையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் உன்னையும் கூட்டாளி என்று உள்ளே போடுவார்கள், அளத்தில் கால் வைக்க முடியாது என்று அருணகிரி சொல்லியிருக்கிறான். சடையப்பன் வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறான். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, இரண்டு அறை விடலாம் போலவும் இருக்கிறது.

நாடகத்தை வாழ்க்கையோடு கலக்காதே, அது கலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகட்டும், கலையாகவே பேசுவோம். அந்த நாடகத்தின் முடிவு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. கடைசியில் ராஜா வருகிறான். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாததால் ஊரை மன்னித்துவிடுகிறேன் என்கிறான். எல்லோரும் காலில் விழுகிறார்கள். யார் யாரை மன்னிப்பது? அந்தத் தளபதியை அங்கே உட்கார்த்தி வைத்தவன் யார்? அத்தனையும் பேசின பெண் மன்னிப்புக் கட்டத்தில் ஓரமாக நிற்கிறாள், அவளிடம் ராஜா ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆண்கள் அவளை வைத்து ரோஷப்பட்டார்கள், ஆண்களே மன்னித்துக்கொண்டார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன நியாயம் பார் என்றீர்கள். நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

ராஜா வேஷம் போட்ட நைனா முகம்மது பாய் வீட்டுக்கும் போனேன். பெட்ரோமாக்ஸ் விளக்கெல்லாம் கொடுத்தவர். கோர்ட் விவகாரத்தில் வூட்டுப் பொம்பளைகள் தலையிடக் கூடாது என்று ரோஷன் பீவியிடம் சொன்னாராம். அவள் சொன்ன பதிலை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்: "நாடகத்துல ராஜாவா நாக்காலில ஒக்காந்தீங்களே, அதுலயே ஒக்காந்துகினு இருங்க. நான் டீச்சரம்மாகூடப் போய்ட்டு வரேன்."

புத்தகம் வராது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் வருவீர்களா என்று கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. விசாரணைக்கு நாலு நாள் இருக்கிறது. தங்கவயலிலிருந்து ரயிலேறினால் மறுநாள் வந்துவிடலாம். இதைத் தகவலாக எழுதுகிறேன்.

மார்கரெட்.


கோவளம்,
19.6.1956

அத்தானுக்கு,

நேற்று விசாரணை நடந்தது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காக இல்லை.

விடியற்காலையில் நானும் ரோஷன் பீவியும் கிளம்பினோம். சடையப்பன் தூரத்தில் பின்னாலேயே வந்தான், எங்களோடு வருகிறவன் மாதிரி இல்லாமல். திருப்போரூரில் பஸ் மாறி செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. ஒவ்வொரு பஸ் நின்றபோதும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன்.

கோதண்டராமன் முறிந்த கையைத் துணியில் தொட்டில் போலக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் இருந்தான். அருணகிரி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தான், மெடலை மட்டும் குத்திக்கொண்டு வரவில்லை. சந்திரம்மாவைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். இளைத்துப்போய்ப் புடவை நிற்கவில்லை, இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தாள்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னேன். நோட்டு நான் எழுதியது, நாடகம், அடித்த கட்டம் என்று எல்லாம். போலீஸ் தரப்பு வக்கீல் உங்கள் காகிதத்தை நீட்டி, இது யார் கையெழுத்து என்றார். என் கணவருடையது என்றேன். அப்படியானால் பொய் சொல்கிறவர் நீங்களா, உங்கள் கணவரா என்று கேட்டார். கோர்ட் முழுக்க என்னையே பார்த்தது. பன்னிரண்டு வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். "அவர்தான்" என்றேன்.

மாஜிஸ்திரேட் வயதானவர், ஜலதோஷம் வேறு. பேனாவால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். மனைவி கணவனைப் பொய்யன் என்பதால் மட்டும் நோட்டு நாடகமாகிவிடாது, நாடகம் என்றால் மற்றவர் பேச்சு எங்கே, மற்ற நோட்டு எங்கே என்று கேட்டார். அருணகிரியைக் கூப்பிட்டார்கள். அவன் சத்தியம் செய்து, அப்படி ஒரு கட்டம் எங்கள் நாடகத்தில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்றான். திக்கவில்லை, திணறவில்லை. மேடையில் கூட அவன் அவ்வளவு நன்றாகப் பேசினது கிடையாது.

பிறகு போலீஸ் வக்கீல் நோட்டைக் கையில் எடுத்தார். சதித் திட்டம் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முதலில் சிவப்பு மையில் இருந்த சொல்லைப் படித்தார்: "சும்மா இரு பெண்ணே." படித்துவிட்டு, இது ஓர் அடையாளச் சொல் என்று விளக்கம் சொல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

அத்தான், அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"சும்மாதான் இருந்தேன் அப்பா. என்னைத் தூக்கிப் போனபோது தெருவில் கதவுகளை எண்ணிக்கொண்டு சும்மாதான் போனேன். பதினேழு கதவு. பதினேழும் சாத்தியிருந்தது."

எல்லோரும் திரும்பினோம். சடையப்பன் நின்றிருந்தான். வாயைப் பொத்திக்கொண்டான். ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். சேவகன் அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் போனான். மாஜிஸ்திரேட் காதிலிருந்து பேனாவை எடுத்து, அவனை இங்கே கொண்டு வா என்றார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். "எம் பாடம் சாமி. அவுரு எடுத்துக் குடுத்தாரு, வாயில வந்துட்ச்சி" என்றான். படிக்கத் தெரியுமா என்றார். "தெரியாது சாமி. அக்கா படிக்கும், நான் கேட்டுகினு இருப்பேன்."

அருணகிரி அவனையே முறைத்துக்கொண்டிருந்தான். கோதண்டராமன் தொட்டிலிலிருந்து விரலை நீட்டி ஏதோ ஜாடை காட்டினான். இனிமேல் பேசினால் என்ன ஆகும் என்று சடையப்பனுக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை பழக்கத்தில் வந்துவிட்டது, அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கலாம். நீங்களாக இருந்தால் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

மாஜிஸ்திரேட் நோட்டைத் தாமே வாங்கிக்கொண்டார். சிவப்பு மைச் சொற்களை மட்டும் படிக்கிறேன், மிச்சத்தை நீ சொல்லு என்றார். அவன் அக்காளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து முந்தானை மாதிரி போட்டுக்கொண்டான். போலீசார் கொலைக்கு அடையாளம் என்று எழுதி அனுப்பினார்களே, அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அவர் படிக்கப் படிக்க, இவன் எடுத்துப் பேசினான். "நாங்கள் என்ன செய்வது" என்று அவர் படித்தார். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வெளியே சத்தம் கேட்டால் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு நன்றாக வரும்" என்றான். மகத்தன்று சொல்லாமல் விட்டது அத்தனையும் சொன்னான். முதலில் சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் நின்ற வேறு வழக்குக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து அடைத்துக்கொண்டார்கள். அவன் சொல்லச் சொல்ல, கூண்டில் சந்திரம்மாவின் உதடும் கூடவே அசைந்தது.

ஆண்பிள்ளையாக ஒரு வார்த்தை பேச முடியாதவன், பெண்ணாகப் பேசி முடித்தான். அவனைப் பற்றி நான் எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கள். அடிப்பது உங்களுக்குப் பழக்கம்தானே.

அதற்கு மேல் என்ன இருக்கிறது? படிக்கத் தெரியாதவன் நோட்டில் இருப்பதை மனப்பாடமாக ஒப்பிக்கிறான் என்றால் அது நாடகம்தான் என்று ஆயிற்று. சதி வழக்கு போயிற்று. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையால் அடித்ததற்கு, பெண் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது, ஏற்கெனவே இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டாள், ஆகையால் இனி இப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று எச்சரித்து விட்டுவிடுகிறேன் என்று தீர்ப்பு எழுதினார்.

எச்சரிக்கை அவளுக்கு. இடுப்பில் கை வைத்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது. அவன் எழுந்து நடந்தபோது வழி விட்டார்கள். நாடகத்தில் ராஜா மன்னித்தான், நேற்று மாஜிஸ்திரேட் மன்னித்தார். ஆனாலும் அவள் வெளியே வந்தாள், அது போதும் என்று வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் சடையப்பன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அவன் மண்டையில் ஒரு குட்டுக் குட்டி, "நடுவுல ரெண்டு வரி வுட்டுட்டடா" என்றாள். ரோஷன் பீவி கட்டுச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தாள். வேப்பமரத்தடியில் நாலு பேரும் சாப்பிட்டோம்.

அக்காள் தம்பி இருவருக்கும் அளத்தில் வேலை இல்லை என்று இன்று காலையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்திரம்மா நம் வீட்டில்தான் இருக்கிறாள். உங்கள் சாய்வு நாற்காலியை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டு அவளுக்குப் பாய் விரித்திருக்கிறேன். மத்தியானம் அளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு யாரும் தனிப் பாத்திக்குப் போகவில்லையாம், கூடையை ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிட்டார்களாம். நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது.

ஒன்றை மேலே எழுதவில்லை. பொய் சொன்னவர் என் கணவர்தான் என்று நான் சொன்னதும், மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, அவர் ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்று கேட்டார். என் கை இன்னும் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எதிரே கூண்டிலிருந்து சந்திரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவருக்கு உடம்பு சரியில்லை ஐயா. படுத்த படுக்கையாக இருக்கிறார். எழுந்ததும் தாமே வந்து சொல்லுவார்" என்று வந்தது. குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்கள் மேல் இரக்கமா, எனக்கே வெட்கமா, தெரியவில்லை. கர்த்தர் முன்னால் கை வைத்துவிட்டு நான் சொன்ன முதல் பொய் அது. இன்னொரு தடவை கேட்டால் சொல்ல மாட்டேன்.

ஆகையால் உங்கள் உடம்புக்காக ஜெபம் செய்கிறேன், தினமும், முழங்காலில் நின்று. சீக்கிரம் எழுந்து உட்காருங்கள். எழுந்தால் நேரே செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வாருங்கள், வீட்டுக்குப் பிறகு வரலாம். எழுந்திருக்க முடியாது என்றால், சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கேயே படுத்திருங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

மார்கரெட் தேவசகாயம்.